இடுப்பா, தோளா? மிட்மாருக்கு எந்த ஃப்ரீஸ்டைல்

தென்னாப்பிரிக்காவில் ஹோவிக் ஊருக்குப் பக்கத்தில் மிட்மார் அணையில் நடக்கும் ஒரு மைல் நீச்சல் போட்டியான மிட்மார் மைலைப் பிப்ரவரியில் நீந்தப் போகிறேன் என்று டர்பனில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், கேட்காமலே அறிவுரை வரும். ஒருவர், "இடுப்பிலிருந்து திருப்பு, கை தானாகப் பின்னால் வரும்" என்பார். பக்கத்து லேனில் இருப்பவர், "இடுப்பை விடு, தோளைத் திருப்பிக் கையை விறுவிறு என்று போடு" என்பார். இரண்டு பேரும் நன்றாக நீந்துகிறவர்களாகவே இருப்பார்கள், அதுதான் தொல்லை. மூன்றாவதாக ஒருவர் வந்து, மூச்சு எடுக்கும் பக்கம் நன்றாகச் சாய், மறுபக்கம் கொஞ்சம் போதும் என்று சொல்லிவிட்டுப் போவார். இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பிறகு நீச்சல் கற்றவர், கிக் சுமார்தான், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் தண்ணீரில் இறங்க நேரமில்லை என்றால் தோள் வழிக்குத்தான் என் ஓட்டு. இடுப்பு வழி அழகானது, பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை எல்லாராலும் கொடுக்க முடியாது. மூன்றாவது வழியைத் தெரிந்துகொண்டு எடுத்தால் தப்பில்லை, தெரியாமல் அதில் போய் விழுந்தால்தான் வம்பு.

வளர்ந்த பிறகு கற்றவர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஐம்பதைத் தாண்டிய நம் ஆட்களில் சின்ன வயதில் ஒழுங்காக நீச்சல் கற்றவர்கள் குறைவு. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த தனி வசதிகள் சட்டம் 1953இல் வந்தது, 1990இல்தான் போனது. நல்ல குளங்கள் வெள்ளையருக்கு, கடற்கரையில் நமக்கென்று ஒரு துண்டு. கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்ததே 1989 கடைசியில்தான். அதனால் இன்று மிட்மாருக்குப் பெயர் கொடுக்கிற அண்ணன்களும் அக்காமார்களும் பலர் முப்பது நாற்பது வயதுக்கு மேல் தண்ணீருக்கு வந்தவர்கள். கணுக்கால் மடங்காது, தோள் இறுகியிருக்கும், கிக் அடித்தால் முன்னால் போவதை விடத் தண்ணீர் தெறிப்பதுதான் அதிகம். எட்டு வயதிலிருந்து கிளப்பில் நீந்திய ஒருவருக்குச் சரிப்படும் முறை இவர்களுக்கும் சரிப்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, உடல் ஏன் சுழல்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் லேசாகிவிடும்.

இடுப்பு வழிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் கிரிக்கெட். பந்து வீசுகிறவர் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அது தோளுக்கு ஏறி, கடைசியில் கை சுழல்கிறது, நீச்சலும் அப்படித்தான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பந்து வீசுகிறவருக்குக் கீழே தரை இருக்கிறது, அந்தத் தரையைத் தள்ளித்தான் அவர் இடுப்பைத் திருப்புகிறார். தண்ணீரில் தரை ஏது? தண்ணீரில் மிதக்கும் ஓர் உடல் தன் தசைகளால் மட்டும் இடுப்பை வலப்பக்கம் திருப்பினால் தோள் இடப்பக்கம் திரும்பும், நடுவில் வயிறு முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மொத்த உடலும் ஒரே பக்கமாக உருள வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு விசை வந்தாக வேண்டும். அது மூன்று இடங்களிலிருந்து வரலாம்: கை தண்ணீரை அழுத்துவதிலிருந்து, கால் தண்ணீரை அடிப்பதிலிருந்து, அப்புறம் மிதப்பு விசையிலிருந்து.

மூன்றில் பெரியது எது தெரியுமா? மிதப்புதான். ஜப்பானிய ஆய்வாளர் தோஷிமாசா யானாய் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. யோசித்துப் பார்த்தால் புரியும். ஒரு கை உடல் எடையில் சுமார் 5 சதவீதம், அதாவது 70 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதைத் தண்ணீர் தாங்குகிறது. கையை வெளியே எடுத்து முன்னால் கொண்டுபோகும்போது தாங்க ஒன்றுமில்லை, அந்த எடை முழுவதும் அந்தப் பக்கத் தோளில் உட்கார்ந்துகொள்கிறது. வலக்கை நீட்டி வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறீர்கள், இடக்கை காற்றில் வருகிறது என்று வையுங்கள். அந்த இடக்கையின் எடையே இடப்பக்கத்தைக் கீழே தள்ளி உடலை மறுபக்கம் உருட்டத் தொடங்கிவிடும். நீங்கள் தனியாகத் திருப்ப வேண்டியதே கொஞ்சம்தான். கை காற்றில் போகும் நேரம், உயரம், தண்ணீருக்குள் நுழையும் தருணம், இவை சரியாக இருந்தால் சுழற்சி தன்பாட்டில் வரும். எத்தனை டிகிரி சாய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது, நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் (ஒரு கை ஒரு தடவை போடுவது ஒரு ஸ்ட்ரோக்) போடுகிறீர்கள் என்பதுதான்.

ஏனென்றால் வேகம் இதில் ரொம்பக் கறாரானது. உடலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அதே கோணத்தில், ஆனால் இரண்டு மடங்கு வேகமாக உருட்ட வேண்டுமென்றால் தேவைப்படும் முறுக்குவிசை நான்கு மடங்காகிறது. நிமிடத்துக்கு 70 ஸ்ட்ரோக்கிலிருந்து 90க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கும் மேல் வேண்டும். கையின் எடையோ அதே மூன்றரை கிலோதான், அது கூடாது. அதனால் கை வேகம் ஏற ஏறச் சுழற்சி தானாகச் சுருங்கும், முதலில் இடுப்பில், அப்புறம் தோளில். 50 மீட்டர் வேக நீச்சல்காரர்கள் கிட்டத்தட்டத் தட்டையாகப் போவது போலத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2004 ஏதென்ஸில் நம் நாட்டு நால்வர், ஷூமன், ஃபெர்ன்ஸ், டவுன்செண்ட், நீத்லிங், 4x100 ஃப்ரீஸ்டைல் தொடரில் 3:13.17 என்ற உலக சாதனையோடு தங்கம் வாங்கிய பந்தயத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி நீந்த ஆசைப்படுவோம், ஆனால் அந்தப் பந்தயத்தில் ஒருவருக்கு 100 மீட்டர்தான். மிட்மார் 1600 மீட்டர் சொச்சம்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. 2008இல் சைக்காராகிஸ், சாண்டர்ஸ் இருவரும் 200 மீட்டர் முழு வேகத்தில் நீந்திய நல்ல நீச்சல்காரர்களை அளந்தார்கள். தோள் இரண்டு பக்கமும் சேர்த்து 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அதாவது பக்கத்துக்கு 50 டிகிரி சொச்சம். இடுப்பு அதில் பாதிதான். பலகை போலத் தலை முதல் கால்வரை ஒன்றாகச் சாய வேண்டும் என்று நம் குளங்களில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள், தேர்ந்தவர்கள் யாரும் அப்படி நீந்துவதாக அளவுகள் சொல்லவில்லை. தோள் கூடுதலாகவும் இடுப்பு குறைவாகவும் திரும்புகிறது, நடுவில் கொஞ்சம் முறுக்கு இருக்கிறது, அது இருக்க வேண்டியதுதான்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

இடுப்பு வழி என்று சொல்வது உண்மையில் நீளமான, நிதானமான ஸ்ட்ரோக். ஒரு கை முன்னால் நீண்டு காத்திருக்கும், மற்றக் கை வந்து நுழையும் சமயத்தில்தான் அது நீரைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். இடைவெளியில் உடல் ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கிக்கொண்டு போகும். டோட்டல் இம்மெர்ஷன் என்று டெர்ரி லாஃப்லின் பரப்பிய முறை இதைத்தான் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து உலகமெங்கும் பேர் வாங்கியது. இதில் லாபம் என்னவென்றால் மூச்சு வாங்காது, ஸ்ட்ரோக் எண்ணிக்கை குறையும், தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர் கூட நிதானமாகிவிடுவார். இதனால் நீச்சலையே விடாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் புண்ணியம் அதற்கு உண்டு.

விலை எங்கே என்றால், அந்த வழுக்கும் இடைவெளியில். கை எதுவும் தள்ளாத அரைநொடியில் நீர்த்தடை உங்கள் வேகத்தைத் தின்கிறது. நீர்த்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது, அதனால் வேகம் விழுந்து மறுபடி ஏற்றுவதை விட ஒரே சீராகப் போவது மலிவு. இந்த இடைவெளியைக் காப்பாற்றுவது கிக். நல்ல ஆறு அடிக் கிக் (இரண்டு கையும் ஒரு சுற்று வருவதற்குள் காலால் ஆறு தட்டு) உள்ளவருக்கு, கை சும்மா இருக்கும்போதும் கால் தள்ளிக்கொண்டிருக்கும், இடுப்பைத் திருப்பக் காலே தண்ணீரில் ஒரு பிடிமானம் கொடுக்கும். கிக் இல்லாதவர் அதே இடைவெளியில் நின்றுவிடுகிறார். நின்றால் கால் தாழும், கால் தாழ்ந்தால் அடுத்த ஸ்ட்ரோக் உடலைத் தூக்கவே செலவாகும். இடுப்பு வழியின் அழகான வீடியோக்களில் நீந்துகிறவரின் காலைக் கவனித்துப் பாருங்கள், எவ்வளவு சின்னதாக, எவ்வளவு விடாமல் வேலை செய்கிறது என்று தெரியும்.

பக்கவாட்டில் சாய்ந்தால் மீன் மாதிரி நீரைக் கிழித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு பேச்சும் உண்டு. முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் உடலை நீளவாக்கில் தள்ளும்போது அது குப்புற இருந்தாலும் ஒருக்களித்திருந்தாலும் முன்னாலிருந்து தெரியும் பரப்பு அதேதான். ஒருக்களிப்பதால் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: கை இன்னும் முன்னால் எட்டும், வெளியே வரும் கைக்கு இடம் கிடைக்கும், வாய் காற்றுக்கு வரும். இந்த மூன்றும் தோள் திரும்பினாலே கிடைத்துவிடுகிறது. இடுப்பு 50 டிகிரி திரும்பினால் நான்காவதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

தோள் வழியில் முன்கை காத்திருக்காது. நுழைந்து, நீண்டு, உடனே முழங்கையை மேலே வைத்துக்கொண்டு நீரைப் பிடிக்கும். இரண்டு கைகளில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். தோள் நாற்பது, ஐம்பது டிகிரி திரும்பும், இடுப்பு அதன் பின்னால் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவீர்கள். காலுக்கு இரண்டு அடிக் கிக் போதும்: வலக்கை முன்னால் நுழைந்து நீளும்போது இடக்கால் ஒரு தட்டு, இடக்கை நுழையும்போது வலக்கால் ஒரு தட்டு. அந்தக் குறுக்குத் தட்டு இடுப்பைக் கொஞ்சம் தூக்கித் திருப்பிவிடும், ஆக்ஸிஜனைப் பெரிதாகச் செலவழிக்காது. தொடைத் தசை பெரியது, அதை ஒரு மைல் முழுக்க ஓட்டினால் மூச்சு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் குறை, மூச்சு. நிமிடத்துக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து ஸ்ட்ரோக்கில் பழகியவர் எழுபதுக்கு ஏறினால் முதல் இரண்டு வாரம் நாய் மாதிரி இளைக்கும். கை வேகமாகப் போக வேண்டும் என்று நினைத்ததும் எல்லாரும் செய்வது, வெறும் தண்ணீரைச் சுழற்றுவது, பிடிக்காமலே பின்னால் தள்ளுவது. ஸ்ட்ரோக் எண்ணிக்கை 25 மீட்டருக்கு 22இலிருந்து 28க்குப் போய், நேரம் அப்படியே நிற்கும். அப்படி ஆனால் இது தோள் வழியில் சேராது, வெறும் அவசரம். கையின் வேகத்தைக் கூட்ட வேண்டிய இடம் முன்னால் காத்திருக்கும் நேரத்தில், இழுப்பில் கைவைக்கக் கூடாது.

கால் இல்லாமல் சுழற்சி வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். நாடலி டு டாய்ட் 2001இல் விபத்தில் இடது காலை இழந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் திறந்த நீர்ப் போட்டியில் செயற்கைக் கால் இல்லாமல், இரண்டு காலும் உள்ளவர்களோடு நீந்தி 16ஆவதாக வந்தார். இரண்டு பக்கமும் சமமாகக் கிக் அடித்தால்தான் உடல் ஒழுங்காக உருளும் என்று இருந்தால் அது நடந்திருக்காது. மிச்சம் இருந்ததைக் கையும் மிதப்பும் பார்த்துக்கொண்டன என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கிக் சரியில்லை என்று கவலைப்படும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன், "அவர் டு டாய்ட், நான் ஃபீனிக்ஸ்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மூன்றாவது, ஒரு பக்கம் அதிகமாகச் சாயும் குதிரை ஓட்டம். மைக்கேல் ஃபெல்ப்ஸ், கேட்டி லெடெக்கி ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது ஒரு பக்கம் ஏறி இறங்குவது போல இருக்கும், பார்த்திருப்பீர்கள். மூச்சு எடுக்கும் பக்கம் உடல் கூடுதலாகச் சாயும், மறுபக்கம் சீக்கிரம் திரும்பிவிடும். சாதாரண ஆட்களுக்கும் மூச்சு எடுக்கும் ஸ்ட்ரோக்கில் சாய்வு ஏறத்தாழ 10 டிகிரி கூடுதலாகத்தான் இருக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக எல்லாருமே கொஞ்சம் குதிரை ஓட்டம்தான். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஒரு தடவை ஒரே பக்கம் மூச்சு எடுத்தால் காற்று தாராளமாகக் கிடைக்கும், போட்டியில் அது பெரிய வசதி.

லெடெக்கியின் ஏற்ற இறக்கம் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம்முடையது பெரும்பாலும் மூச்சுக்கு அலைவதால் வருவது, அங்கேதான் வித்தியாசம். தலையைத் தூக்கி, அறுபது எழுபது டிகிரிக்குச் சாய்ந்து, முன்னால் இருக்கும் கையை ஊன்றுகோலாக அழுத்தி மூச்சு வாங்குகிறோம். அந்தக் கை கீழே போய்விடும், அல்லது தலைக்குக் குறுக்கே மறுபக்கம் போய்விடும். கை குறுக்கே போனதும் இடுப்பு எதிர்ப்பக்கம் வளைகிறது, விழாமல் இருக்கக் கால்கள் கத்தரிக்கோலாக அகல்கின்றன, அகன்ற கால் அத்தனையும் தடை. கால் அகலுகிறது என்று கோச் சொன்னதும் காலைச் சரிசெய்யப் பார்ப்போம், கோளாறோ அதிகச் சாய்வில் இருக்கிறது. சரியாக மூச்சு எடுப்பது இப்படி: நீச்சல் கண்ணாடியில் ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் வெளியே, வாயின் ஓரம் மட்டும் காற்றில். தலை முன்னால் போகும்போது அதன் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் பள்ளமாகிறது, அந்தப் பள்ளத்துக்குள் மூச்சு எடுத்தால் போதும். இது வந்துவிட்டால் மூன்றாவது வழியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், வராதவரை வேண்டாம்.

தோள் வலி தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் முடிவை மாற்றக்கூடியது இது ஒன்றுதான். 25 மீட்டருக்கு 22 ஸ்ட்ரோக் போடுகிறவர் ஒரு மைலில் ஏறத்தாழ 1400 ஸ்ட்ரோக் போடுகிறார், ஒரு தோளுக்கு 700. உடல் தட்டையாக இருந்தால் கையை வெளியே எடுத்து முன்னால் கொண்டுபோகத் தோள் மூட்டு மட்டும் பின்பக்கமாக முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மேற்கை எலும்பின் தலைக்கும் மேலே இருக்கும் எலும்பு விளிம்புக்கும் நடுவில் ஓடும் தசைநார் அங்கே நசுங்கும். எழுநூறு தடவை நசுங்கினால் வலிக்கத்தான் செய்யும். தோள் 40, 50 டிகிரி திரும்பினால் கை மேலே வர வேண்டிய தூரத்தின் பெரும்பகுதியை உடலே எடுத்துக்கொள்கிறது, மூட்டு நிம்மதியாக இருக்கிறது. அதனால் தோள் வலி உள்ளவர் கை வேகத்தைக் கூட்டுகிறேன் என்று தட்டையாகிவிடக் கூடாது. அவருக்கு நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக்குக்குப் பக்கத்தில் நின்று, தோளை நன்றாகத் திருப்புவதுதான் சரி. பார்க்க அது கொஞ்சம் இடுப்பு வழி போலவே இருக்கும், இருக்கட்டும். இன்னொன்று, கை தண்ணீருக்குள் கட்டைவிரல் முதலில் போகும்படி நுழையக் கூடாது, விரல் நுனிகள் எல்லாம் ஒன்றாகப் போகட்டும். வலி இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற அளவு இருந்தால் எந்த முறை என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு ஃபிசியோவிடம் போங்கள்.

அப்புறம் தண்ணீர். மிட்மார் ஓர் அணை, நன்னீர். கடல்நீர் நன்னீரை விட இரண்டரை சதவீதம் போல அடர்த்தி கூடியது, அதனால் டர்பன் வெட்சஸ் பக்கம் கடலில் பழகியவருக்கு அங்கே கால் மேலேயே நின்றிருக்கும். அதே ஆள் ஹோவிக் போய் இறங்கினால் கால் கொஞ்சம் தாழ்வதை உணர்வார், பதறிப் போய் வேகமாகக் கிக் அடிப்பார். நீள வழுக்கல் முறைக்கு நன்னீர் கூடுதல் சோதனை, ஏனென்றால் நின்றால்தான் கால் தாழும். போட்டிக்கு முன் ஒரு மாதமாவது குளத்தில் பழகுங்கள், கடலை மட்டும் நம்ப வேண்டாம்.

போட்டியில் ஆயிரக்கணக்கானோர், தொகுதி தொகுதியாக விடுவார்கள். பக்கத்தில் கை, முன்னால் கால், யாரோ ஒருவர் உங்கள் முதுகில். காற்று அடித்தால் சின்னச் சின்ன அலை, பெரிய அலை இல்லை, ஆனால் அடுத்தடுத்து வரும். நீட்டிய கையோடு வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஓர் அலை தட்டினால் ஒருக்களித்த உடல் தடுமாறிவிடும், வழுக்கல் அங்கேயே முடிந்தது. வேகமான கை உள்ளவர் அலைக்கும் அலைக்கும் நடுவில் இன்னொரு ஸ்ட்ரோக் போட்டுவிடுவார். முன்னால் பார்க்க ஐந்தாறு ஸ்ட்ரோக்குக்கு ஒரு தடவை கண்ணைத் தூக்க வேண்டும், அது உடலை ஒரு கணம் தட்டையாக்கும். இடுப்புச் சுழற்சியின் தாளத்தை நம்பியே நீந்துகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளம் அறுந்து போகும். திறந்த நீரில் தோள் வழிக்கு நான் ஓட்டுப் போட இதுதான் பெரிய காரணம். கேப் டவுனில் ராபன் தீவிலிருந்து கரைக்கு நீந்துகிறவர்களுக்குக் குளிரும் சேர்ந்துகொள்கிறது, அங்கே கையை நிறுத்திக் காத்திருப்பது உடம்புச் சூட்டுக்கும் நல்லதில்லை. அது வேறு உலகம், இங்கே விட்டுவிடுகிறேன்.

மூச்சுப் பக்கமும் இங்கே முக்கியம். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், வெயில் எந்தக் கண்ணில் அடிக்கும் என்று காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பயிற்சியில் மூன்று ஸ்ட்ரோக்குக்கு ஒரு மூச்சு என்று இரண்டு பக்கமும் பழகிவிட்டு, போட்டியில் எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் இரண்டுக்கு ஒன்றாக எடுங்கள். இரண்டு பக்கமும் பழகுவதில் இன்னொரு நன்மை, சாய்வு இரு பக்கமும் ஓரளவு சமமாகிறது, கோணலாகப் போய் 1600 மீட்டரை 1800 ஆக்கிக்கொள்ள மாட்டீர்கள்.

உங்களுக்கு எது என்று தெரியவில்லையா, யாரையும் கேட்க வேண்டாம், 25 மீட்டர் குளமும் ஒரு கடிகாரமும் போதும். வழக்கமான வேகத்தில் ஒரு நீளம் போய் ஸ்ட்ரோக்கையும் நொடியையும் கூட்டுங்கள். அப்புறம் முன்கையைக் காக்க வைத்து, நீளமாக ஒரு தடவை. மூன்றாவதாக, முன்னால் காத்திருக்காமல், ஆனால் இழுப்பை அவசரப்படுத்தாமல் ஒரு தடவை. ஒவ்வொன்றையும் நான்கைந்து நீளம் செய்து பாருங்கள், ஒரே நீளத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். கூட்டுத்தொகை எதில் குறைகிறது என்பது ஒன்று, எதில் நான்காவது நீளத்திலும் அப்படியே நிற்கிறது என்பது இன்னொன்று, இரண்டாவதைத்தான் நான் நம்புவேன். நீள முறையில் ஸ்ட்ரோக் நான்கு குறைந்து நொடி ஆறு கூடினால் நீங்கள் வழுக்கவில்லை, நிற்கிறீர்கள்.

யாரையாவது குளத்தின் ஓரத்தில் நிற்க வைத்து முன்னாலிருந்து போனில் எடுக்கச் சொல்லுங்கள். கை தலையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் நுழைகிறதா, அதிகச் சாய்வு. வெளியே வரும் கை தண்ணீரை ஒட்டி அகலமாகச் சுற்றி வருகிறதா, தோள் போதுமான அளவு திரும்பவில்லை. பின்னாலிருந்து எடுத்தால் கத்தரிக்கோல் கால் தெரியும். டிகிரி அளக்க வேண்டாம்.

பயிற்சி முறைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. ஆறு கிக் பக்கவாட்டில் படுத்து, ஒரு ஸ்ட்ரோக், மறுபடி ஆறு கிக் என்று ஒரு பயிற்சி எல்லாக் குளத்திலும் கொடுப்பார்கள். சமநிலை பழக நல்லது. ஆனால் அதில் உடல் 90 டிகிரிக்குப் பக்கத்தில் படுத்துக்கிடக்கும், அதையே மாதக்கணக்கில் செய்தால் நீந்தும்போதும் அந்த அளவுக்குப் போய்விடும். வார்ம்-அப்பில் இரண்டு மூன்று நீளம் போதும். முன்பக்க ஸ்நோர்க்கல் (வாயில் வைத்து மூச்சு விடும் குழாய்) கிடைத்தால் அதுதான் மேல்: மூச்சுக்குத் தலை திரும்ப வேண்டாம் என்று ஆனதும் உங்கள் சொந்தச் சுழற்சி எவ்வளவு, மூச்சுக்காக நீங்கள் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். தொடைக்கு நடுவில் வைக்கும் "புல் பாய்" (pull buoy) என்ற மிதவை காலைத் தூக்கி வைத்து எல்லாரையும் நல்ல நீச்சல்காரராகக் காட்டும், அதை வைத்துக்கொண்டு எடுத்த நேரத்தை நம்பி முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆக, கிக் பலமாக இருக்கிறது, சின்ன வயதிலிருந்து நீந்துகிறீர்கள், குளத்தில் மட்டும்தான் நீந்துவேன் என்றால் இடுப்பு வழியில் நீளமாகப் போங்கள், உங்களுக்கு அது வேகமும் கொடுக்கும். தண்ணீருக்குப் புதியவர், ஒரு மைலை முடித்தால் போதும், மூச்சுதான் பயம் என்றாலும் முதல் சில மாதங்களுக்கு அதே நீள முறையில் தொடங்கலாம், பயம் போன பிறகு முன்கை காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். மற்ற எல்லாருக்கும், அதாவது மிட்மாருக்குப் பெயர் கொடுக்கும் நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு, தோள் வழி, இரண்டு அடிக் கிக், நிமிடத்துக்கு 65இலிருந்து 75 ஸ்ட்ரோக்.

மாற்றுவதென்றால் அக்டோபரிலேயே மாற்றுங்கள். நிமிடத்துக்கான ஸ்ட்ரோக் எண்ணிக்கையை ஒரு வாரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் ஏற்ற வேண்டாம், காதுக்குப் பக்கத்தில் தொப்பிக்குள் வைக்கும் டெம்போ கருவி ஒன்று வாங்கிக்கொண்டால் எண்ண வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்குள் புது முறையில் 800 மீட்டர் விடாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இந்த வருஷத்துக்குப் பழைய முறையிலேயே போட்டியை நீந்திவிட்டு, மார்ச்சில் மறுபடி தொடங்குங்கள்.